சின்ன அறக்கட்டளைக்கு எந்த வீடியோ எடிட்டிங் மென்பொருள்? பழைய கணினி, தமிழ் எழுத்து, கையில் 15,000 ரூபாய்

பாம்பன்கரை:

வணக்கம். ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் ஒரு சின்ன அறக்கட்டளையில் ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். முழுநேரமாக நாங்கள் நாலு பேர்தான். கடல்பாசி எடுக்கப் போகும் பெண்களின் சுயஉதவிக் குழுக்களோடும், அவர்கள் பிள்ளைகள் வரும் மாலைப் படிப்பகங்களோடும் எங்கள் வேலை. மாதம் ஒரு வீடியோ செய்கிறோம். மூன்று நிமிடம், மிஞ்சிப் போனால் ஐந்து. முதலில் அதைக் குழுக் கூட்டத்தில் அந்தப் பெண்களுக்கே போட்டுக் காட்டுவோம். அப்புறம்தான் உதவி செய்பவர்களுக்கு அனுப்புவோம், யூடியூபில் ஏற்றுவோம்.

இரண்டு வருடமாக எடிட் செய்து கொடுத்த தம்பி ஜனவரியில் சென்னையில் வேலை கிடைத்துப் போய்விட்டார். நல்ல பிள்ளை, இப்போதும் கூப்பிட்டால் போனை எடுப்பார். ஆனால் எல்லா வேலையும் அவருடைய சொந்த மடிக்கணினியில், உரிமம் வாங்காமல் போட்ட ஒரு மென்பொருளில் நடந்திருக்கிறது. அவர் போன பிறகுதான் எனக்கு அது தெரியும். எங்களிடம் இருப்பவை முடிந்த எம்பி4 கோப்புகளும், எங்களால் திறக்க முடியாத புராஜெக்ட் கோப்புகளும் (எடிட் செய்த வேலையைத் திருத்தும் வகையில் சேமித்தவை).

இது எங்கே வலித்தது என்று சொல்கிறேன். நாற்பது வருடமாகப் பாசி எடுக்கும் ஒரு பாட்டியைப் பற்றிப் போன வருடம் ஒரு படம் செய்தோம். அவர் பேசும்போது கீழே அவர் பெயர் வரும். பெயரில் ஒரு ‘கொ’ இருக்கிறது. திரையில் அது உடைந்து, கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாக, நடுவில் ஒரு புள்ளி வட்டத்தோடு வந்துவிட்டது. நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. ஆறாவது படிக்கும் பேத்தி கூட்டத்தில் எல்லார் முன்னாலும் எழுத்துக் கூட்டிப் படித்தாள். ‘அது என் பேரு இல்லையே’ என்றார் பாட்டி. சரி செய்து தருகிறேன் என்று சொல்லி நாலு மாதம் ஆகிறது. திருத்த முடியவில்லை.

எங்களிடம் இருப்பவை: அலுவலகத்தில் ஒரு மேசைக்கணினி, நாலாம் தலைமுறை ஐ3, 8 ஜிபி ராம், தனியாகக் கிராபிக்ஸ் கார்டு கிடையாது, விண்டோஸ் 10. படிப்பகத்தில் பாடம் எடுக்கும் ஒரு பெண் இந்த வேலையைக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறார். அவரிடம் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி இருக்கிறது, 4 ஜிபி ராம். படம் எடுப்பது இரண்டு ஆண்ட்ராய்டு போன்களில். இந்த வருடத்துக்கு வீடியோ வேலைக்கென்று அனுமதி கிடைத்தது 15,000 ரூபாய், எல்லாவற்றுக்கும் சேர்த்து.

எந்த மென்பொருளை எடுக்கலாம்? டாவின்சி ரிசால்வ் இலவசம், அதையே போடுங்கள் என்று இரண்டு பேர் சொன்னார்கள். எங்கள் கணினி தாங்குமா? இந்தத் தடவை நேர்மையான வழியில், இங்கேயே இருக்கப்போகும் ஒரு ஆள் திறந்து திருத்தக்கூடிய மாதிரி செய்ய வேண்டும்.

முகூர்த்தப்படம்:

வணக்கம் மேடம். மதுரையில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். என் தொழிலுக்கு பிரீமியர் புரோ. அதில் தமிழ் சரியாக வரும், ஆனால் ஒரு அமைப்பை மாற்ற வேண்டும்: பிரிஃபரன்சஸில் கிராபிக்ஸ் பகுதிக்குள் டெக்ஸ்ட் எஞ்சினை ‘சவுத் ஏசியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன்’ என்று வைக்க வேண்டும். பலர் இதைத் தெரியாமல் ‘தமிழ் வராது’ என்று விட்டுவிடுகிறார்கள். உங்கள் பழைய தம்பி பயன்படுத்தியதும் பிரீமியராக இருந்தால், புராஜெக்ட் கோப்பை ஏதாவது ஸ்டுடியோவில் உரிமம் உள்ள கணினியில் திறந்து பெயரை மட்டும் மாற்றிவிடலாம். மூல வீடியோக்களும் கூடவே இருக்க வேண்டும். மதுரைக்குக் கொண்டு வந்தால் நானே செய்து தருவேன், பணம் வேண்டாம்.

ஆனால் நீங்கள் வாங்குவதற்கு அதை நான் சொல்ல மாட்டேன். சந்தா முறை, மாதாமாதம் கட்ட வேண்டும். கட்டுவதை நிறுத்தினால் உங்கள் புராஜெக்டை நீங்களே திறக்க முடியாது. எனக்குச் சீசனில் வருமானம் வருகிறது, கட்டிவிடுகிறேன். உங்களுக்கு ஒரு வருடம் நிதி வந்து மறு வருடம் வராமல் போனால்? தவிர அந்தக் கணினி அதற்குத் திணறும்.

இன்னொன்று. எதில் எடிட் செய்தாலும் போனில் சத்தத்தை ஒழுங்காக எடுங்கள். கடற்கரைக் காற்றில் பதிந்த பேச்சை எந்த மென்பொருளும் முழுசாக மீட்காது. சட்டையில் குத்தும் சின்ன மைக்கும் அதற்கு ஒரு பஞ்சு உறையும் வாங்கிவிட்டு மீதியை யோசியுங்கள்.

மலையடிவாரம்:

தோழர், வணக்கம். தர்மபுரி, சேலம் பக்கத்து மலைக் கிராமங்களில் வேலை செய்யும் சின்ன அமைப்புகளுக்குப் பன்னிரண்டு வருடமாகப் படம் எடுத்து எடிட் செய்து கொடுக்கிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் நிலைமையில் நான் இருந்திருக்கிறேன், அதுவும் உங்கள் தம்பியின் இடத்தில்.

பாட்டியின் பெயரிலிருந்து தொடங்கலாம். ஒருங்குறியில் (யூனிகோட்) ‘கொ’ என்று அடிக்கும்போது கணினி முதலில் ‘க’வை வைத்துக்கொள்கிறது, அதற்குப் பின்னால் ஒகரக் குறியை. திரையில் காட்டும்போது அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை எழுத்துக்கு முன்னாலும் காலைப் பின்னாலும் வைக்க வேண்டும். இந்த வேலையைச் செய்யும் பகுதி மென்பொருளில் இல்லாவிட்டாலோ, முகூர்த்தப்படம் தம்பி சொன்ன மாதிரி அணைந்திருந்தாலோ எழுத்து உடையும். எழுத்துருவை மாற்றிப் பயனில்லை, தப்பு எழுத்துருவில் இல்லை.

இதைச் சமாளிக்க நம் ஊரில் பலர் பாமினி போன்ற பழைய எழுத்துருவுக்குப் போய்விடுகிறார்கள். ஒருங்குறியில் அடித்து, எழுத்துரு மாற்றியில் போட்டு, பாமினியில் ஒட்டுவார்கள். திரையில் அழகாக வரும். ஆனால் உள்ளே இருப்பது தமிழ் இல்லை, ஆங்கில எழுத்துகளின் கலவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் குப்பை மாதிரி தெரியும். அதை வசனக் (சப்டைட்டில்) கோப்பாக எடுத்து யூடியூபில் ஏற்ற முடியாது, யாரும் தேடிக் கண்டுபிடிக்கவும் முடியாது. பத்து வருடம் கழித்து உங்கள் பெண்களின் பேச்சை யாராவது எழுத்தில் தேடினால் கிடைக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அதனால் பாமினி வேண்டாம். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரான் எல்லாம் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம், திறந்த உரிமம். ஒன்றை எடுத்து எல்லாப் படத்துக்கும் அதையே வையுங்கள்.

எந்த மென்பொருளாக இருந்தாலும் நிறுவிய அன்றே முதல் வேலையாக இந்த வரியை அடித்துப் பாருங்கள்: ‘பௌர்ணமிக்குத் தூண்டில் கொண்டு போனோம், கூடை நிறையச் சூடை, ஸ்ரீ’. கொம்பு, கால், உகர ஊகார வளைவுகள், ஸ்ரீ எல்லாம் இதில் வந்துவிடும். திரையில் சரியாக இருந்தால் போதாது, எம்பி4 ஆக வெளியே எடுத்து, அதை ஒரு போனில் ஓட்டிப் பாருங்கள். அரை மணி நேர வேலை இது. இதில் தேறாத மென்பொருளின் மற்ற பெருமைகள் எதுவும் நமக்கு உதவாது.

இனி உங்கள் கேள்வி. என் பதில் கேடென்லைவ். கேடிஇ குழுவினர் செய்யும் கட்டற்ற மென்பொருள். 2002இல் தொடங்கியது, இன்னும் தொடர்ந்து வளர்கிறது. லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் ஓடும். காசு இல்லை, வாட்டர்மார்க் இல்லை, கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. தமிழ் எழுத்து, தலைப்பிலும் வசனத்திலும், சரியாக வருகிறது. வசனங்களை உள்ளேயே எழுதி எஸ்ஆர்டி கோப்பாக (வசன வரிகளும் அவை வரும் நேரமும் மட்டும் இருக்கும் கோப்பு) வெளியே எடுக்கலாம். இதுதான் உங்களுக்கு ரொம்ப முக்கியம், ஏனென்றால் உங்கள் ஊர்ப் பேச்சு வெளியூர்க்காரருக்குப் பாதி புரியாது. யூடியூபுக்குத் தமிழ், ஆங்கிலம் இரண்டு வசனக் கோப்புகளைத் தனித்தனியாக ஏற்றுங்கள். வாட்ஸ்அப்புக்கு மட்டும் வசனத்தைப் படத்தோடு சேர்த்து அச்சடித்து ஒரு பிரதி எடுங்கள். பேச்சைத் தானாக எழுத்தாக்கும் வசதியும் கேடென்லைவில் உண்டு. அதற்கு அது பயன்படுத்தும் விஸ்பர் என்ற மென்பொருள் தமிழையும் எடுத்துக்கொள்ளும். ஆனால் உங்கள் கணினியில் அது நத்தை வேகத்தில் ஓடும். வட்டார வழக்கை அது புரிந்துகொள்ளும் விதமும் எனக்குத் திருப்தியாக இல்லை. எங்கள் மலைப்பேச்சில் நாலு வார்த்தைக்கு ஒன்று தப்பாக வந்தது. கையால் எழுதுங்கள். அதையும் அந்தப் பெண்களில் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து எழுதுங்கள்.

ரிசால்வ் நல்ல மென்பொருள், சந்தேகமில்லை. வண்ணம் திருத்துவதில் அதற்கு ஈடில்லை. இலவசப் பதிப்பே 4கே அளவு வரை வெளியே தரும். 295 டாலருக்கு விற்கும் ஸ்டுடியோ பதிப்பு உங்களுக்குத் தேவைப்படவே படாது. ஆனால் அது கிராபிக்ஸ் கார்டை நம்பி ஓடும் மென்பொருள், ராம் 16 ஜிபி எதிர்பார்க்கும். உங்கள் ஐ3 திறப்பதற்கே மூச்சு வாங்கும். நிதி வந்து புதுக் கணினி வாங்கினால் அன்றைக்கு யோசியுங்கள். லினக்ஸில் போடுவதாக இருந்தால் ஒன்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: அங்கே இலவசப் பதிப்பு, போன்கள் எச்264 என்ற முறையில் சுருக்கிப் பதியும் எம்பி4 கோப்புகளை அப்படியே எடுத்துக்கொள்ளாது.

நான் உங்கள் தம்பியின் இடத்தில் இருந்தேன் என்றேனே, அது இந்த இடத்தில்தான். ஒரு விதை சேமிப்புக் குழுவுக்காக மூன்று வருடம் என்னுடைய பெரிய கணினியில், எனக்குப் பிடித்த மென்பொருளில், எனக்கு மட்டும் புரியும் வகையில் கோப்புகளை வைத்து வேலை செய்தேன். அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் ஒரு வருடம் ஊரில் தங்க வேண்டி வந்தது. அந்த வருடம் அவர்கள் ஒரு படமும் செய்யவில்லை. சாமை அறுவடையின் ஒரு முழுப் பருவம் பதிவாகாமல் போனது. அதில் முதிய விவசாயிகள் இரண்டு பேர் அடுத்த பருவத்துக்கு இல்லை. அவர்கள் கணினி எதைத் தாங்கும், எனக்குப் பிறகு யார் உட்காருவார் என்று நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். அன்றிலிருந்து எந்த அமைப்புக்குப் போனாலும் அங்கேயே இருக்கப்போகும் ஒருவரின் கணினியில்தான் மென்பொருளைப் போடுகிறேன். உங்களுக்கு அந்தப் படிப்பக ஆசிரியை. அவர் கைக்கு எது வருகிறதோ அதுதான் சரியான மென்பொருள். என் விருப்பத்தையும் மற்றவர்கள் விருப்பத்தையும் அதற்கு அப்புறம் வையுங்கள்.

அவருடைய 4 ஜிபி மடிக்கணினியில் முழு எடிட்டிங் வேண்டாம். ஷாட்கட் என்ற இன்னொரு இலவச எடிட்டிங் மென்பொருள் இன்னும் லேசானது, ஆனால் அவர்களே எச்டிக்கு 8 ஜிபி கேட்கிறார்கள். அந்தக் கணினியில் காட்சிகளைப் பார்த்து எது வேண்டும் என்று குறிப்பெடுப்பது, வசனம் தட்டச்சு செய்வது ஆகியவற்றை வைத்துக்கொள்ளுங்கள். எடிட்டிங்கில் பாதி வேலை அதுதான்.

அலுவலகக் கணினி. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. நாலாம் தலைமுறை ஐ3 விண்டோஸ் 11க்கான பட்டியலில் இல்லை. கணக்குப்பதிவு வேறு கணினியில் நடக்கிறது என்றால் இதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுவிடுங்கள். 15,000இல் முதல் செலவாக ஒரு எஸ்எஸ்டி. பழைய சுழலும் தட்டை எடுத்துவிட்டு இதைப் போட்டால் வேறு கணினி மாதிரி இருக்கும். ராமில் இன்னொரு 8 ஜிபி சேர்க்க இடமிருந்தால் சேருங்கள். இரண்டாவது செலவு ஒரு மைக். போயா பிஒய்-எம்1 மாதிரி கம்பி மைக் போதும். ஆறு மீட்டர் கம்பி இருக்கிறது, பேசுபவர் தள்ளி நிற்கலாம். அதற்குள் போடும் சின்ன பட்டன் பேட்டரி தீர்ந்துபோனது தெரியாமல் ஒரு முழுப் பேட்டியை நான் இழந்திருக்கிறேன், எப்போதும் ஒன்று கூடுதலாகப் பையில் இருக்கட்டும். மூன்றாவது செலவு இரண்டு வெளித் தட்டுகள். ஒன்று போதாது, ஒன்றைப் போலவே இன்னொன்று, வேறு ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும். 1080 அளவில் எச்264ஆகப் பதிந்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 130 எம்பி, ஒரு மணி நேரத்துக்கு 8 ஜிபி என்று கணக்கு வையுங்கள்.

போனில் மாற்ற வேண்டியவை. 4கே வேண்டாம், 1080 போதும். எச்265 என்றோ எச்இவிசி என்றோ இருந்தால் எச்264க்கு மாற்றுங்கள், பழைய கணினி அதைச் சுலபமாகப் படிக்கும். படிப்பகத்தில் டியூப் லைட்டுக்குக் கீழே எடுக்கும்போது திரையில் கோடு கோடாக ஓடினால், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் வருவது அது. கேமரா அமைப்பில் 50 ஹெர்ட்ஸ் என்றிருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், ஷட்டரை மாற்ற முடிந்தால் 1/50இல் வையுங்கள்.

இன்னொரு தொல்லை: போன்கள் நொடிக்கு இத்தனை பிரேம் என்று ஒரே சீராகப் பதிவதில்லை, கூடக் குறைய வரும். நீளமான பேட்டியில் உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் என்று நழுவும். அப்படிப்பட்ட கோப்பைச் சேர்த்தால் கேடென்லைவே எச்சரித்து, மாற்றித் தரட்டுமா என்று கேட்கும். சரி என்று சொல்லுங்கள். இல்லாவிட்டால் முதலிலேயே ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் போட்டுச் சீரான பிரேம் வேகத்துக்கு மாற்றிக்கொள்ளலாம், அதுவும் இலவசம்.

புராஜெக்ட் அமைப்பில் பிராக்ஸியை இயக்கிவிடுங்கள். பெரிய கோப்புக்குப் பதிலாக ஒரு சின்னப் பிரதியை வைத்து வெட்டி ஒட்டுவீர்கள். கடைசியில் படத்தை வெளியே எடுக்கும்போது அது தானாக மூலக் கோப்புக்குப் போய்விடும். 8 ஜிபி கணினியில் இது இல்லாமல் வேலை நடக்காது. படம் முடிந்ததும் ‘ஆர்க்கைவ் புராஜெக்ட்’ என்ற கட்டளை இருக்கிறது. பயன்படுத்திய காட்சி, இசை, படம் எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் திரட்டிவிடும். அதைத்தான் தட்டில் சேமிக்க வேண்டும். அதோடு, ஒவ்வொரு படத்துக்கும் எழுத்தே இல்லாத ஒரு பிரதியும் எடுத்து வையுங்கள். நாளைக்கு எல்லா மென்பொருளும் மறைந்து போனாலும் அந்தப் பிரதியின் மேல் ஒரு பெயரைப் புதிதாக எழுதிவிடலாம்.

சென்னைத் தம்பியிடம் இன்றைக்கே கேளுங்கள். அந்த மடிக்கணினி இன்னும் அவரிடம் இருந்தால் பழைய மூலக் காட்சிகளை ஒரு தட்டில் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவர் அதை விற்கும் முன்.

பாம்பன்கரை:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். நடந்ததைச் சொல்கிறேன்.

தம்பி மூலக் காட்சிகளை ஒரு தட்டில் அனுப்பிவிட்டார், ஒன்றும் குறையவில்லை. மதுரை அண்ணனிடம் போக வேண்டியிருக்கவில்லை, ஆனாலும் அவர் சொன்ன வார்த்தைக்கு நன்றி. எஸ்எஸ்டியும் மைக்கும் வாங்கியாகிவிட்டது. மின்ட் போடுவதற்கு ராமநாதபுரத்தில் ஒரு கடைப் பையன் உதவி செய்தார்.

அந்தச் சோதனை வரியை ஐந்து இடங்களில் அடித்துப் பார்த்தோம். கேடென்லைவ், ஷாட்கட் இரண்டிலும் எல்லா எழுத்தும் சரியாக வந்தன. போனில் எடிட் செய்யும் ஒரு செயலியிலும் சரியாக வந்தது, ஆனால் இலவசப் பதிப்பில் ஓரத்தில் அவர்கள் பெயர் ஒட்டிக்கொண்டு வருகிறது. வேறு இரண்டில் ‘கொண்டு’ உடைந்தது. உடைந்ததைப் பார்த்ததும் எங்கள் ஆசிரியை ‘பாட்டி பேரு மாதிரியே’ என்றார்.

அவர் வேகமாகக் கற்றுக்கொள்கிறார். முதல் நாள் ப்ராக்ஸியை இயக்க மறந்து ஒவ்வொரு வெட்டுக்கும் காத்திருந்தார், அடுத்த நாள் அவரே கண்டுபிடித்துவிட்டார். வசனத்தைக் குழுவிலிருந்து ஒரு அக்கா பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்ல எழுதினார். கச்சான் காற்று என்றால் என்ன, எந்த மாதத்தில் கடலுக்குள் இறங்கக் கூடாது என்று கேட்டுக் கேட்டு எழுதியதில் படத்துக்கே புதிதாக இரண்டு வரி கிடைத்தது. இது நான் எதிர்பார்க்காதது.

இப்போது ஒரு புதுச் சங்கடம். படகில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பையனைத் திரும்பப் பள்ளிக்குச் சேர்த்திருக்கிறோம். பதிமூன்று வயது. அவன் அம்மா சம்மதிக்கிறார், அவனும் ஆசையாகப் பேசியிருக்கிறான். உதவி செய்பவர்கள் இந்தப் படத்தைத்தான் கேட்கிறார்கள். முகத்தை மங்கலாக்கினால் போதுமா? கேடென்லைவில் முகத்தைத் தொடர்ந்து மறைக்க வழி இருக்கிறதா?

படிப்பகத்தோழி:

அக்கா, நான் குழந்தைப் பாதுகாப்பு வேலையில் இருக்கிறேன், எடிட்டிங் தெரியாது. சட்டத்தை மட்டும் சொல்கிறேன். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில், தொழிலாளர் சட்டத்துக்கு எதிராக வேலை செய்யும் நிலையில் காணப்படும் குழந்தை, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை. பிரிவு 74 அப்படிப்பட்ட குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம், அடையாளம் தெரியக்கூடிய வேறு எந்த விவரத்தையும் வெளியிடக் கூடாது என்கிறது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தை என்றால் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவும் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்கிறது. அம்மா கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார் என்பதால் இந்தத் தடை தானாக நீங்கிவிடாது.

முகத்தை மங்கலாக்கிவிட்டுக் குரலை அப்படியே விட்டால், படகின் பதிவு எண் தெரிந்தால், பின்னால் பள்ளியின் பெயர்ப்பலகை இருந்தால், ஊர்க்காரர் எல்லாருக்கும் யார் என்று தெரியும். நாளைக்கு வகுப்பில் அவன்தான் உட்கார வேண்டும். தயவுசெய்து முகத்தோடு எடுக்காதீர்கள் அக்கா.

மலையடிவாரம்:

தோழி சொன்னதோடு முழுசாக ஒத்துப்போகிறேன். நகரும் முகத்தைத் தொடர்ந்து மறைக்கும் வசதி கேடென்லைவில் உண்டு, மோஷன் டிராக்கர் என்று விளைவுகளில் தேடுங்கள். கூட்டத்தில் தற்செயலாக வந்துவிடும் முகங்களுக்கு அது உதவும். ஆனால் தலை திரும்பும் இடத்தில் ஓரிரு பிரேம் வழுக்கும், அந்த ஓரிரு பிரேமை நிறுத்திப் பார்க்க யாராலும் முடியும். இந்தப் படத்துக்கு அதை நம்பாதீர்கள்.

மறுபடி எடுங்கள். புத்தகத்தைத் திருப்பும் கை, கயிறு இழுத்த தழும்பு உள்ள உள்ளங்கை (தழும்பை வைத்து ஊரில் அடையாளம் தெரியும் என்றால் அதுவும் வேண்டாம்), படிப்பகத் திண்ணையில் வரிசையாக இருக்கும் செருப்புகள். அவன் பேசியதை உங்கள் ஆசிரியை தன் குரலில் படிக்கட்டும். ஊர்ப் பெயர் வேண்டாம். ஏற்கெனவே எடுத்த மூலப் பேட்டியை யாருக்கும் அனுப்பாதீர்கள், உதவி செய்பவர்கள் கேட்டாலும். அதைத் தனியாகப் பூட்டிய கோப்புறையில் வையுங்கள். அவன் பெரியவனான பிறகு, வேண்டுமா என்று அவனிடமே கேட்டுக் கொடுக்கலாம்.

பாம்பன்கரை:

தோழி, அண்ணா, இருவருக்கும் நன்றி. பையனின் அம்மாவிடம் பேசிவிட்டோம், அவருக்கும் இப்போதுதான் நிம்மதி என்றார். கைகளை மட்டும் வைத்து நேற்று மாலை மறுபடி எடுத்தோம். உதவி செய்பவர்களுக்குக் காரணத்தை எழுதி அனுப்பியிருக்கிறேன்.

பாட்டியின் படத்தை ஆசிரியை கேடென்லைவில் முதலிலிருந்து கட்டினார், நாலு நாள் ஆனது. போன சனிக்கிழமை கூட்டத்தில் போட்டோம். பெயர் வந்த இடத்தில் பேத்தி எழுந்து நின்று ஒரே மூச்சில் படித்தாள். பாட்டி இன்னொரு தடவை போடச் சொன்னார், போட்டோம். எழுத்து இல்லாத பிரதி ஒன்று அலுவலகத் தட்டிலும் ஒன்று ஆசிரியை வீட்டிலும் இருக்கிறது.